ஒரு வருஷம் கூடப் படிச்சா...

"படிச்சு என்னத்தக் கிழிக்கப் போறான்?"னு கேக்குற ஆசாமிகள் எல்லா ஊர்லயும் உண்டு. வேலை கிடைச்சாத்தான் படிப்புக்கு மரியாதைங்கிற கணக்கு அது. எனக்கு அதுல உடன்பாடில்லை மக்களே. ஏன்னு சொல்றேன்.

ஆப்பிரிக்காவில் போட்ஸ்வானான்னு ஒரு நாடு. எய்ட்ஸ் அங்கே வாலிப வயசுக்காரங்களை வாரிக்கிட்டுப் போன காலம். இலவச மருந்துத் திட்டமே 2002-லதான் வந்தது. அதுக்கு முன்னாடி, 1996-ல, ஒன்பதாவதோட முடிஞ்ச இடைநிலைப் பள்ளிகளில் பத்தாவதையும் சேர்த்தாங்க. நோயை மனசுல வச்சு செஞ்சதில்லை, படிப்புக்காகச் செஞ்சது.

2015-ல ஓர் ஆய்வு வந்தது. அந்த மாற்றத்தால் கூடுதலாகப் படித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு சுமார் 8 சதவீதப் புள்ளி குறைஞ்சிருக்கு. பெண்களுக்குப் பலன் இன்னும் அதிகம்.

பாடப்புத்தகம் மட்டுமே காரணம்னு நான் நினைக்கலை. சொந்தமா நாலு காசு சம்பாதிக்க முடியும்னு தெரிஞ்ச பொண்ணு, பிடிக்காத ஆளிடம் தைரியமா "முடியாது"ன்னு சொல்லலாம். உயிரைக் காப்பாத்துறது அந்த ஒரு வார்த்தைதான்.

அதனால, புள்ளையைப் பாதியில நிறுத்துறவங்க கொஞ்சம் யோசிங்க. நீங்க கை வைக்கிறது அதோட ஆயுசுலயும்தான்.