புள்ளி மறைந்தால் நோய் போய்விட்டதா?

''சுய உதவிக்குழுவில் கடன் வாங்கி, தலா ஆயிரம் லிட்டர் பிடிக்கும் நான்கு சிமென்ட் தொட்டிகளில் தங்கமீன் வளர்க்கிறேன். ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு தொட்டி மீன்களின் உடம்பிலும் துடுப்பிலும் வெள்ளைப் புள்ளிகள் வந்தன. கடையில் கொடுத்த கேப்சூலைக் கரைத்து ஊற்றினேன். மூன்றே நாளில் மறைந்துவிட்டன. ஒரே வாரத்தில் முன்பைவிட அதிகமாக வந்து, பக்கத்துத் தொட்டிக்கும் பரவிவிட்டது. தினமும் ஐந்தாறு மீன்கள் சாகின்றன. அடுத்த வாரம் வியாபாரி வருகிறார். புள்ளி இல்லாத மீன்களை மட்டும் பிரித்து விற்கலாமா?''

- வாசகி ஒருவர், திருவள்ளூர் மாவட்டம்.

''விற்க வேண்டாம். புள்ளி இல்லாத மீனின் செவுளிலும் நோய் இருக்கலாம். வாங்குபவரின் தொட்டியில் அது வெடித்தால், அந்த வியாபாரி மறுபடி உங்கள் வாசலுக்கு வரமாட்டார். இரண்டு வாரம் தள்ளி வரும்படி, காரணத்தைச் சொல்லியே கேளுங்கள்.

உப்புத் தூள் தூவியது போன்ற தனித்தனிப் புள்ளிகள் என்றால், அது பெரும்பாலும் 'இக்' எனப்படும் வெண்புள்ளி நோய். ஒட்டுண்ணியால் வருவது. பாக்டீரியாவுக்கான கேப்சூல் இதற்குக் கேட்காது. அப்படியானால் புள்ளி எப்படி மறைந்தது? தோலுக்குள் வளர்ந்த ஒட்டுண்ணி, முதிர்ந்ததும் தானாகவே உதிர்ந்து தொட்டியின் அடியில் ஒட்டிக்கொள்ளும். அங்கே ஒன்று நூற்றுக்கணக்காகப் பெருகி, நீந்தி வந்து மீண்டும் மீனைப் பிடிக்கும். நீங்கள் குணமானதாக நினைத்த நாட்களில்தான் அது குட்டி போட்டுக்கொண்டிருந்தது.

தோலுக்குள் இருக்கும்போது எந்த மருந்தும் அதை எட்டாது. நீந்தி வரும் பருவத்தில்தான் கொல்ல முடியும். அதனால், சிகிச்சை தொடர்ந்து நடக்க வேண்டும்.

முதலில் கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். லிட்டருக்கு 3 கிராம் வீதம், ஆயிரம் லிட்டருக்கு 3 கிலோ கல் உப்பு தேவை. ஒரே தடவையில் கொட்டாமல், காலை ஒரு கிலோ, மாலை ஒரு கிலோ, மறுநாள் காலை ஒரு கிலோ எனக் கரைத்து ஊற்றுங்கள். மீன்கள் சாய்ந்தாலோ துள்ளினாலோ உடனே நல்ல தண்ணீர் சேருங்கள். தினமும் அடியில் உள்ள கசடைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுங்கள். ஒட்டுண்ணியும் அதோடு வெளியேறும். 100 லிட்டர் எடுத்தால், புதிய 100 லிட்டருடன் 300 கிராம் உப்பு சேர்க்க வேண்டும். வெயிலில் வற்றிய அளவுக்கு ஊற்றும்போது உப்பு வேண்டாம், உப்பு ஆவியாகாது. குறைந்தது பத்து நாட்கள், அதிலும் கடைசிப் புள்ளி மறைந்த பிறகு ஐந்து நாட்கள் தொடருங்கள். ஏரேட்டர் நிற்காமல் ஓடட்டும். தீவனத்தைக் குறையுங்கள். இரவில் தார்ப்பாய் போட்டு மூடினால் குளிர்ச்சியும் மழைநீரும் தாக்காது. உப்புத் தண்ணீரைக் கீரைப் பாத்திக்கு விடாதீர்கள்.

பக்கத்துத் தொட்டிக்குப் பரவியது பெரும்பாலும் வலை, வாளி மூலமாகத்தான் இருக்கும். தொட்டிக்கு ஒரு வலை வையுங்கள். பயன்படுத்தியதும் வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். புதிய மீன்களை இரண்டு வாரம் தனியாக வைத்த பிறகே சேருங்கள்.

வெள்ளையாகத் தெரிவதெல்லாம் இந்த நோய் இல்லை. பஞ்சு போல இருந்தால் பூஞ்சணம். வாயோரம் சாம்பல் படலமாக அரித்தால் பாக்டீரியா. ஆண் தங்கமீனுக்குச் செவுள் மூடியிலும் முன்துடுப்பின் ஓரத்திலும் மட்டும் புள்ளி இருந்தால், அது இனப்பெருக்கப் பருவத்தின் அடையாளம், மருந்தே தேவையில்லை.

சந்தேகம் இருந்தால், நோயுள்ள இரண்டு மூன்று மீன்களை உயிரோடு ஆக்சிஜன் பையிலும், தொட்டித் தண்ணீரைத் தனி பாட்டிலிலும் எடுத்துக்கொண்டு பொன்னேரி மீன்வளக் கல்லூரிக்குச் செல்லுங்கள். நுண்ணோக்கியில் பார்த்தால், இந்த ஒட்டுண்ணியின் குதிரை லாட வடிவ உட்கரு காட்டிக் கொடுத்துவிடும். செத்துக் கிடந்த மீனைக் கொண்டுபோனால் ஒட்டுண்ணி அதில் இருக்காது.''