பிரசவ ஆபத்திலிருந்து மீண்ட தாய்க்கு ஏழு நாள் துணை போதுமா?

கோலாலம்பூர் - கிள்ளானில் உள்ள ஒரு தனியார் பிரசவ மையத்தில் 2019 ஜனவரியில் குழந்தை பெற்ற தாய் ஒருவர், பிரசவத்திற்குப் பிந்திய ரத்தப்போக்கால் உயிரிழந்தார். மருத்துவர்களின் கவனக்குறைவே காரணம் என்று கூறிய உயர் நீதிமன்றம், குடும்பத்திற்குச் சுமார் 60 லட்சம் ரிங்கிட் இழப்பீடு வழங்க 2025-இல் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு பரவலாகப் பேசப்பட்டது. அத்தகைய ரத்தப்போக்கிலிருந்து உயிர் பிழைத்து வீடு திரும்பும் தாய்மார்களின் நிலை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

குழந்தை பிறந்த பின் கருப்பை இறுகிச் சுருங்கினால்தான் ரத்தப்போக்கு கட்டுப்படும். சில சமயம், அரிதாக, நஞ்சு கருப்பைச் சுவருக்குள்ளேயே வேரோடிவிடுகிறது. முன்பு சிசேரியன் செய்துகொண்டவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். பை பையாக ரத்தம் ஏற்றி, கருப்பையையே அகற்றித் தாயைக் காப்பாற்ற வேண்டிய நிலையும் வரலாம்.

உயிர் பிழைத்ததோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை. ரத்தசோகையால் குழந்தையைத் தூக்கக்கூடத் தெம்பிருக்காது. அதிக ரத்தம் இழந்தவருக்குத் தாய்ப்பால் சுரக்காமல் போனால், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி பாதிக்கப்பட்டதன் அறிகுறியாகவும் அது இருக்கலாம். பத்தியம் சரியில்லை என்று தாயைக் குறை சொல்லாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸ் 2017 செப்டம்பரில் சிசேரியன் மூலம் மகளைப் பெற்றார். மறுநாள் மூச்சுத் திணறியது. அவரே வற்புறுத்திக் கேட்ட பிறகு எடுத்த ஸ்கேனில், நுரையீரலில் ரத்தக்கட்டிகள் இருப்பது தெரிந்தது. வீடு திரும்பிய பின் முதல் ஆறு வாரம் படுக்கையிலேயே கழிந்தது. உடல் உறுதிமிக்க வீராங்கனைக்கே ஆறு வாரம் தேவைப்பட்டது.

மலேசியாவில் 2023 ஜனவரி 1 முதல் தனியார் துறையில் தாய்க்கு 98 நாள் பேறுகால விடுப்பும், மணமான தந்தைக்குத் தொடர்ச்சியாக 7 நாள் விடுப்பும் சட்டப்படி உண்டு. அதே முதலாளியிடம் குறைந்தது 12 மாதம் வேலை செய்திருந்தால்தான் தந்தைக்கு அது கிடைக்கும். மனைவி தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும்போதே அந்த ஏழு நாள் கரைந்துவிடும். அவர் வீட்டுக்கு வரும் நாளில் கணவர் வேலைக்குத் திரும்பியிருப்பார்.

தோட்ட லயத்தில் பிரசவமானவருக்குச் சுற்றிலும் ஆள் இருந்தது. ஒரு வீட்டில் கஞ்சி வந்தால் இன்னொரு வீட்டில் மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொண்டார்கள். தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளான பிறகு, பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியிலோ கிள்ளான் தாமானிலோ இருக்கும் மகளுக்குப் பக்கத்து வீட்டார் பெயர்கூடத் தெரியாமல் இருக்கலாம். சட்டம் தரும் ஏழு நாளுக்கும் தாய் எழுந்து நடமாடும் நாளுக்கும் இடையிலான இடைவெளியை இன்று பெரும்பாலும் ஓர் அம்மாவோ மாமியாரோ தனியாகச் சுமக்கிறார்.

கடும் சிக்கலுக்கு ஆளான தாயின் கணவருக்குக் கூடுதல் விடுப்பு தருவது பற்றித் தொழிற்சங்கங்களும் மக்கள் பிரதிநிதிகளும் பேச வேண்டும். அதுவரை, யார் இரவில் கண்விழிப்பது, யார் சமைப்பது, யார் கிளினிக்குக்கு அழைத்துச் செல்வது என்பதைக் குடும்பங்கள் முன்கூட்டியே பிரித்துக்கொள்வது நல்லது. வீட்டுக்கு வரும் மிசியிடம் எதையும் மறைக்கக் கூடாது. மீண்டும் ரத்தப்போக்கு, மூச்சுத் திணறல், கடும் காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திராமல் 999-ஐ அழைக்க வேண்டும்.