பெலும் பயணத்தை மாணவர்களே திட்டமிடட்டும்

பள்ளிச் சுற்றுலா என்றதும் ஈப்போ வட்டாரத்தில் பலருக்கும் கேளிக்கைப் பூங்காக்களே நினைவுக்கு வருகின்றன. அங்கே விளையாடுவதில் தவறில்லை. ஆனால், நம் பேராக் மாநிலத்தின் வடகோடியில் 117,500 ஹெக்டர் பரப்பில் அரச பெலும் மாநிலப் பூங்கா இருக்கிறது. புலியும் யானையும் இன்னும் நடமாடும் மழைக்காடு அது. இடைநிலைப்பள்ளி மாணவர்கள் ஒருமுறையாவது அங்குச் செல்ல வேண்டும். அந்தப் பயணத்தை அவர்களே திட்டமிட வேண்டும் என்பது என் கருத்து. ஆசிரியர் சரிபார்த்தால் போதும்.

திட்டத்தைக் காட்டிலிருந்து தொடங்காமல் சாலையிலிருந்து தொடங்குங்கள். ஈப்போவிலிருந்து கோலகங்சார் வழியாகக் கிரிக்கிற்குச் சென்று, அங்கிருந்து கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் பாண்டிங் படகுத்துறையை அடைய வேண்டும். 2025 ஜூன் 9ஆம் நாள் பின்னிரவில், இதே நெடுஞ்சாலையில் கிரிக் அருகே பேருந்து கவிழ்ந்தது. சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் உயிரிழந்தனர். இரவில் புறப்பட்டால் தங்கும் செலவு மிச்சமாகும் என்று யாரேனும் கூறினால் உறுதியாக மறுத்துவிடுங்கள். வளைவுகள் நிறைந்த, யானைகள் கடக்கும் மலைச்சாலை அது. பகலில் போய்ப் பகலில் திரும்புவதே முறை. எல்லா இருக்கைகளிலும் வார் உள்ளதா என்று பேருந்து நிறுவனத்திடம் கேட்பதும் திட்டமிடுவோரின் வேலைதான்.

பூங்காவிற்குள் நுழைய முன்அனுமதி தேவை. ஆகவே, பெயர்ப்பட்டியலைப் பல வாரங்களுக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். ஆண்டிறுதி மழைக்காலத்தைத் தவிர்ப்பது நல்லது. தெமெங்கோர் ஏரியில் படகுப் பயணம் நீண்டது. நீச்சல் தெரிந்தவரும் உயிர்காப்பு அங்கியைக் கழற்றக் கூடாது. காட்டில் அட்டைகள் உண்டு. அதற்கு நீண்ட காலுறை போதும், அச்சம் வேண்டாம்.

நேர அட்டவணையை மணிக்கணக்கில் நிரப்பிவிடாதீர்கள். பலரும் பார்க்க விரும்புவது ரஃப்லீசியா மலரைத்தான். அதன் மொட்டு முதிரப் பல மாதங்கள் ஆகும். விரிந்த மலரோ ஒரு வாரத்திற்குள் அழுகிவிடும். நாம் செல்லும் நாளில் அது பூத்திருக்கும் என்று எந்த வழிகாட்டியாலும் உறுதி கூற முடியாது. புலியைக் காண்பது அதைவிட அரிது. நம் நாட்டுக் காடுகளில் இப்போது 150க்கும் குறைவான புலிகளே எஞ்சியுள்ளன. ஆகவே, அட்டவணையில் ஒரு காலைப்பொழுதை வெறுமையாக விடுங்கள். பத்து வகை இருவாச்சிப் பறவைகள் வாழும் காடு அது. சத்தமின்றி உட்கார்ந்தால் அவற்றின் இறக்கை ஓசையையாவது கேட்கலாம்.

போகும் வழியில் கோலகங்சாரில் அரை மணி நேரம் இறங்கலாம். 1877இல் அங்கு நடப்பட்ட ரப்பர் மரங்களுள் ஒன்று இன்றும் நிற்கிறது. நம்மில் பலருடைய தாத்தாவும் பாட்டியும் வைகறை இருட்டில் பால்மரம் சீவியவர்கள். அவர்கள் அறிந்த பால்மரக்காட்டில் வரிசை வரிசையாக ஒரே மரம்தான். அந்த வரிசைகளுக்காக அழிக்கப்பட்டது எப்படிப்பட்ட காடு என்பதைப் பெலுமில்தான் நேரில் காண முடியும். புறப்படுமுன் வீட்டுப் பெரியவர்களிடம் தோட்டத்துக் கதையைக் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். எந்த வழிகாட்டி நூலிலும் அது இருக்காது.

பெலுமில் ஜஹாய் பூர்வகுடியினர் வாழ்கின்றனர். அவர்களின் குடியிருப்பைக் காட்சிப்பொருளாக எண்ணி அட்டவணையில் சேர்ப்பதை நான் ஏற்கவில்லை. அவர்களுள் ஒருவரை உரிய ஊதியம் தந்து வழிகாட்டியாக அமர்த்துங்கள். தடம் பார்த்து விலங்கின் பெயரைச் சொல்ல அவர்களுக்குத் தெரியும்.

இறுதியாகச் செலவு. மூன்று நாளுக்குப் பணம் போதவில்லையெனில் இரண்டு நாளாகக் குறைக்கலாம். கட்டணம் கட்ட இயலாத நண்பரை விட்டுவிட்டுப் போகக் கூடாது. எவ்வளவு நடக்க முடியும் என்று ஐயமாக இருக்கிறதா? பயணத்திற்கு ஒரு மாதம் முன்பு, ஒரு சனிக்கிழமைக் காலையில் ஆசிரியருடன் மெங்லெம்பு அருகிலுள்ள கிளெடாங் மலையில் ஏறிப் பாருங்கள். பையில் எதை வீட்டிலேயே வைத்துவிட வேண்டும் என்பது முதல் ஏற்றத்திலேயே தெரிந்துவிடும்.