பின் சக்கரத்தையும் பாருங்கள்



வாகனம் வைத்திருக்கும் நம்மில் பலர் ஒரு விடயத்தில் ஏமாந்து விடுகிறோம். ஸ்டியரிங் திருப்புவது முன் சக்கரங்களைத்தானே. ஆகவே வண்டி கோணலாகப் போனால் குறையும் முன்னால்தான் இருக்கும் என்று முடிவு கட்டி விடுகிறோம். நானும் அப்படி நினைத்திருந்தவன்தான். அதனால் பட்ட பாட்டை இம்மாதம் உங்களுக்குச் சொல்கிறேன்.

2019 நவம்பரில் ஒரு மாலை நேரம். நல்ல மழை. குடும்பத்தோடு மாவனல்லையிலிருந்து கண்டிக்குப் போகும்போது, எதிரே வந்த பஸ்ஸுக்கு இடம் கொடுக்க எமது கொரோலா 110 காரை இடப்பக்கம் ஒதுக்கினேன். முன் சக்கரம் தப்பிவிட்டது. இடது பின் சக்கரம் மூடியில்லாத கானில் இறங்கி, அதன் கொங்கிரீட் விளிம்பில் பலமாக அடிபட்டது. இறங்கிப் பார்த்தேன். டயரில் காற்று இருந்தது. ரிம்மில் ஒரு கீறல் மட்டும்தான். நிம்மதியோடு பயணத்தைத் தொடர்ந்தேன்.

மறுநாள்தான் ஒன்றைக் கவனித்தேன். வண்டி நேராகப் போகிறது. ஆனால் ஸ்டியரிங் இடப்பக்கம் சற்றுத் திரும்பியபடி இருக்கிறது. டயர் கடையொன்றில் வீல் எலைன்மன்ட் செய்யக் கொடுத்தேன். அவர்கள் முன் சக்கரங்களை மட்டும் சரிபார்த்து, ஸ்டியரிங்கை நேராக்கித் தந்தார்கள். எனக்குப் பூரண திருப்தி. உண்மையில் நடந்தது என்னவென்றால், நோய் இருந்த இடத்திலேயே இருக்க, நோயைக் காட்டித் தந்த அடையாளம் மட்டும் அழிக்கப்பட்டிருந்தது.

மூன்று மாதம் சென்றது. வண்டியை விற்றுவிட எண்ணி, சக ஆசிரியர் ஒருவரிடம் விலையும் பேசியாயிற்று. அவருக்குச் சிறு பிள்ளைகள் மூவர். விற்பதற்கு முன் கழுவி வைப்போம் என்று நின்றபோது, சக்கரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்த மகன், "வாப்பா, இங்க கம்பி குத்துது" என்றான். குனிந்து பார்த்தேன். இடது பின் டயர் வெளிப்பக்கம் புதிது போலிருந்தது. உள்விளிம்போ தேய்ந்து, உள்ளேயிருக்கும் கம்பி இழைகள் வெளியே தெரிந்தன.

எமதூரில் வயதான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். நானா என்றே அவரை அழைப்போம். அவர் டயரைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஹஸரத், இந்த டயரோடயா கடுகண்ணாவ எறங்கி ஏறினீங்க?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அன்று அவர் செய்த சோதனைகளில் பெரும்பாலானவை நாமே வீட்டில் செய்யக்கூடியவை. ஆகவே அவற்றைச் சற்று விரிவாகத் தருகிறேன்.

முதலாவது, டயரின் குறுக்கே உள்ளங்கையை வைத்து உள்ளிருந்து வெளியே ஒருமுறையும், வெளியிலிருந்து உள்ளே ஒருமுறையும் தடவுங்கள். கம்பி தெரிந்தால் கை வெட்டும், கவனம். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறு திசையில் அரம் போலவும் இருந்தால், அந்த டயர் உருள்வதோடு பக்கவாட்டில் உரசிக்கொண்டும் போகிறது என்பது பொருள். வண்டி செல்லும் திசைக்கு ஒரு டயர் 1 பாகை விலகி நின்றால், ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் அது 17 மீற்றருக்கு மேல் பக்கவாட்டில் இழுபடுகிறது. ஒரு பாகையைக் கண்ணால் காண்பது கடினம்; டயர் அதைச் சொல்லிவிடும்.

இரண்டாவது, ஆள் நடமாட்டமில்லாத நேரான இடத்தில், சக்கரங்களை நீரில் நனைத்துவிட்டு உலர்ந்த தரையில் மெதுவாக நேரே ஓட்டுங்கள். பின் தடங்கள் இரண்டும் முன் தடங்களை விட ஒரே பக்கமாக விலகிக் கிடந்தால், வண்டி நண்டு போல் நடக்கிறது. எமது காரின் பின் தடங்கள் இடப்பக்கம் விலகிக் கிடந்தன.

மூன்றாவது, ஸ்டியரிங்கை நேராக வைத்து, முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை இரு பக்கமும் நாடாவால் அளவுங்கள். இரு அளவுக்கும் இடையே தெளிவான வேறுபாடு இருந்தால் சக்கரம் இடம்பெயர்ந்திருக்கலாம். டயருக்கும் மட்கார்டுக்கும் உள்ள இடைவெளியையும் இரு பக்கமும் ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் ஸ்பிரிங்கைச் சந்தேகிக்க வேண்டும்.

நான்காவது, வண்டியின் பின் மூலையை அமுக்கி விடுங்கள். எழுந்து அடங்கிவிட வேண்டும். மீண்டும் மீண்டும் ஆடினாலோ, ஷொக் எப்சோபரில் எண்ணெய் வழிந்திருந்தாலோ அதன் ஆயுள் முடிந்துவிட்டது. மேடு பள்ளத்தில் "டொக்" என்ற சத்தம் பெரும்பாலும் புஷ் தேய்ந்ததைக் காட்டும். வேகத்தோடு கூடும் இரைச்சல் டயரினாலோ பெயாரிங்கினாலோ வரலாம். சக்கரத்தை ஜக்கில் உயர்த்தி, மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்தால் ஆட்டம் இருப்பது தெரியும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அனேகமான கார்களில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களையே பிடிக்கிறது. பின்பக்கத்தை உயர்த்தும்போது அதை மட்டும் நம்பக்கூடாது. சமதரையில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஜக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் போகாதீர்கள்.

எமது காரில், பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் தாங்கும் லிங்குகள் இரண்டில், பின்னால் உள்ளது வளைந்திருந்தது. வளைந்த கம்பி நீளத்தில் குறையும். அதனால் சக்கரத்தின் பின்விளிம்பு உள்ளே இழுபட்டு, முன்விளிம்பு வெளியே திரும்பி விட்டது. டயரின் உள்விளிம்பு தேய்ந்த காரணம் இதுதான். "சூடாக்கி நிமிர்த்தினால் போதாதா?" என்று கேட்டேன். நானா கடுமையாக மறுத்தார். சூடு காட்டிய இரும்பின் பலத்தை நம்ப முடியாது என்றார். லிங்கையும் டயரையும் மாற்றி, நான்கு சக்கரங்களையும் அளந்து, முதலில் பின் சக்கரங்களையும் பிறகு முன் சக்கரங்களையும் சரிசெய்தோம். எப்போதும் அந்த ஒழுங்கில்தான் செய்விக்க வேண்டும்.

எல்லா வண்டிகளின் பின்பகுதியும் இப்படியானதல்ல. கொரோலா 121 போன்றவற்றில் இரு பின் சக்கரங்களையும் ஒரே பீம் இணைக்கிறது. அது வளைந்தால் லிங்க் மாற்றுவது போல் எளிதில் தீராது. பீமையே மாற்ற வேண்டி வரலாம். பாவித்த கார் வாங்குவோர் இதை மனதிற் கொள்ளட்டும். வாங்குமுன் நான்கு டயர்களின் உள்விளிம்பையும் தொட்டுப் பாருங்கள். எலைன்மன்ட் செய்வதென்றால் நான்கு சக்கரத்துக்கும் செய்து, அளவுத் தாளையும் கேட்டு வாங்குங்கள்.

நமது நாட்டில் வாகனம் இடப்பக்கம் செல்வதால் கானும் கல்விளிம்பும் இடது சக்கரங்களையே அதிகம் சந்திக்கின்றன. அடிபட்ட அன்றே பார்த்துவிடுவது செலவையும் குறைக்கும், ஆபத்தையும் தடுக்கும்.

சக ஆசிரியரிடம் சென்று அடிபட்டது, வளைந்தது, மாற்றியது எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். தெரிந்த குறையை மறைத்து விற்பது ஆகுமானதல்ல; அறிந்து கொள்ளாமல் விற்க இருந்தேனே என்பதுதான் என்னை உறுத்தியது. அவர் சற்று யோசித்துவிட்டு, பேசிய விலைக்கே வாங்கிக்கொண்டார். அவரது பிள்ளைகள் அந்த வண்டியின் பின் சீட்டில் ஏறிப் போவதைக் காணும்போதெல்லாம், அன்று டயரைத் தேய்த்த மகனின் கையை நினைத்துக் கொள்கிறேன்.