தெருவுக்கு ஒரு தோட்டக் கழகம்

கறிவேப்பிலைக் கன்று டில்லிக் குளிரில் இலையுதிர்த்து நிற்பதைக் குறித்துச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்த அன்பர்கள் பலரும் கேட்டிருக்கும் கேள்வி ஒன்றே: “கன்றைக் குளிரிலிருந்து காப்பது இருக்கட்டும், எங்களுக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டால் அதைக் காப்பது யார்?”

கேள்வியில் நியாயம் இருக்கிறது. ரயில்வேயிலும் மத்திய சர்க்கார் அலுவலகங்களிலும் ஊழியம் புரியும் நம்மவர்க்கு வீடு என்பது ஓர் ஒதுக்கீட்டுக் கடிதம் அளிக்கும் சில ஆண்டு வாசமே. முருங்கைப் போத்து நட்டு, அது காய்க்கத் தொடங்கும் வேளையில் பாத்திரம் பண்டங்களை மூட்டை கட்ட நேர்கிறது. அடுத்தவர் குடிவரும் வரையில் வீடு பூட்டிக் கிடக்கும். மே மாதத்தில் ‘லூ’ என்னும் அனற்காற்று வீசுகையில், பத்து நாள் நீரின்றி எந்தத் தொட்டிச் செடிதான் பிழைக்கும்? ஆகவேதான், ஒரே தெருவில் உள்ள ஏழெட்டுக் குடும்பங்கள் கூடி ஒரு தோட்டக் கழகம் அமைத்துக்கொள்வது அவசியம் என்கிறேன்.

கழகம் என்றதும் தலைவர், உபதலைவர், காரியதரிசி, ஆண்டு விழா என்று அன்பர்கள் மனத்தில் ஓடும். அவை ஒன்றும் வேண்டுவதில்லை. ஒரு நோட்டுப் புத்தகம், மாதம் ஒரு கூட்டம், சிறு சந்தா: இவை போதும். ஆனால் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நம் கழகங்களில் பதவி வகிப்போர் ஆடவர். செடிக்கு நீர் வார்ப்போர் பெண்டிர். கணக்கும் நோட்டும் சகோதரிகள் கையில் இருப்பதே முறை. கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக் காலையில் வைத்துக்கொண்டு, அவர்களை அடுப்பங்கரையில் நிறுத்திவிட்டு நாம் மட்டும் உரம் பற்றிப் பேசுவதில் பிரயோஜனம் இல்லை. மாலை ஐந்து மணி உத்தமம்.

தமிழர் மட்டும் சேர்ந்ததாக இக்கழகம் இருக்கட்டும். குழந்தைகள் செடி கொடிகளின் பெயர்களையேனும் தமிழில் கற்கட்டும் என்று ஓர் அன்பர் யோசனை கூறுகிறார். அவர் கவலையை நான் மதிக்கிறேன். அகத்தி எது, மணத்தக்காளி எது என்று அறியாமலே நம் பிள்ளைகள் வளர்கின்றனர். ஆயினும் அந்த யோசனையை ஏற்க என் மனம் ஒப்பவில்லை. நாம் ஊருக்குப் போயிருக்கும் இரண்டு வாரமும் நம் தொட்டிக்கு நீர் வார்க்கப் போகிறவர் அடுத்த வீட்டுப் பஞ்சாபி அம்மையாரேயன்றி, பத்து மைல் தொலைவில் உள்ள தமிழன்பர் அல்லர். மேலும் இம்மண்ணின் குணம் அவர்களுக்குத் தெரியும். மேதியும் பட்டாணியும் எப்போது தூவ வேண்டும் என்பதைப் பஞ்சாபிகளிடம் கேட்கலாம். பீகாரிகளும் வங்காளிகளும் முருங்கைக்கு அந்நியர் அல்லர். ‘சஹ்ஜன்’ என்றால் பீகாரிகளின் முகம் மலரும். நம் கொடிப்பசலை அவர்களுக்குப் ‘போயி’, தண்டுக்கீரை ‘சௌலாயி’, அவரை ‘சேம்’, மணத்தக்காளி ‘மகோய்’. நோட்டில் இரண்டு பெயரையும் எழுதி வைத்தால் குழந்தைகள் இரண்டையும் கற்பர்.

பட்டம் அறிந்து பயிரிடுவதற்கும் கழகம் உதவும். ஆடிப்பட்டம் தேடி விதைப்பது நம் ஊர் வழக்கம். இங்கு அதை மட்டும் நம்பியிருந்தால் கோடைக் காய்கறியும் குளிர்காலக் காய்கறியும் கை நழுவும். டில்லிக்கு மாசி ஒரு பட்டம், ஐப்பசி ஒரு பட்டம். வெண்டை, சுரை, பீர்க்கு, கொத்தவரை ஆகியவற்றை மாசியில் ஊன்றினால், அனற்காற்று முற்றும் முன் செடி தேறிவிடும். ஐப்பசியில் முள்ளங்கி, காரட், பாலக், கொத்தமல்லி. ஆடி மழையில் ஊன்றும் வெண்டைக்கு ஓர் ஆபத்து உண்டு: வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் நரம்பு நோய். இதைத் தாங்கும் வெண்டையாகப் ‘பூசா சாவனி’ ரகத்தை இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1960 வாக்கில் தந்தது. நாளடைவில் அதன் தாங்கும் சக்தி தளர்ந்துவிட்டது. ஆகவே பழைய பெயரைச் சொல்லிக் கேளாமல், இப்போது நோய் தாங்கும் ரகம் எது என்று விசாரித்து வாங்குக. பீகாரில் பூசா என்னும் ஊரில் 1905-இல் தோன்றிய அந்நிலையம், 1934-ஆம் ஆண்டுப் பூகம்பத்தில் சிதைந்த பின், 1936-இல் டில்லிக்கு வந்தது. பெரும்பாலும் பிப்ரவரி இறுதியிலோ மார்ச்சுத் தொடக்கத்திலோ அங்கு விவசாய விழா நடைபெறும். ஒருவர் சென்று எல்லோருக்கும் விதை வாங்கி வந்தால் பஸ் செலவும் மிச்சம்.

எருவும் அவ்வாறே. ஒரு வீட்டுக்கு ஒரு கூடை சாணி எரு கொணர்வது தொல்லை. எட்டு வீட்டுக்கு ஒரு டெம்போ என்றால் எளிது. பங்குனியில் வேம்பு உதிர்க்கும் சருகு தெருவெங்கும் குவிகிறதே, அதைக் கொளுத்துவோர் இன்னும் இருக்கின்றனர். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் டில்லியில் இலை, குப்பை எரிப்பதைத் தடை செய்திருக்கிறது. மூன்றடிக் குழி ஒன்றில் சருகைக் கொட்டி, சாணிக் கரைசல் தெளித்து மூடி வைத்தால், மழைக்காலம் கழிந்ததும் கறுத்த எருவாகக் கிடைக்கும்.

மொட்டை மாடியில் தோட்டம் போடுவோர்க்கு ஓர் எச்சரிக்கை. ஒரு கன அடி ஈரமண் ஏறக்குறைய 45 கிலோ கனக்கும். பழைய குடியிருப்புக் கூரையின் நடுவில் தொட்டிகளைக் குவிப்பது கூடாது. சுவரோரமாகப் பரப்பி வைத்து, மண்ணோடு எருவும் தேங்காய் நார்க்கழிவும் கலந்துகொள்க. தொட்டியின் அடியில் வைக்கும் தட்டில் நீர் தேங்கினால் டெங்குக் கொசு முட்டையிடும். ஒரு வார அளவில் அது பறக்கத் தொடங்கிவிடும். நகராட்சியார் நோட்டீஸ் கொடுப்பது கிடக்கட்டும்; தெருவில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் பழி தோட்டத்தின் தலையில்தான் விழும். கழகத்தில் கண்டிப்பான விதி ஒன்று வேண்டுமென்றால் அது இதுதான்: சனிக்கிழமைதோறும் தட்டுகளைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

இனி மாற்றல் விஷயம். நோட்டில் வீட்டு எண் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குக. இன்ன மரம், நட்ட மாதம், காய்த்த மாதம், எப்போது கிளை கழிப்பது என்று குறித்து வருக. முருங்கை இங்கு மாசி, பங்குனியில் பூத்துக் காய்க்கும். காய் பறித்தபின் கழிக்காவிட்டால் புழுதிப் புயலில் கிளை முறியும். இத்தகைய செய்தி, புதிதாகக் குடிவருபவர்க்கு எப்படித் தெரியும்? வீடு காலியான நாள்முதல் புதியவர் வரும் வரையில், மரத்துக்கு நீர் வார்ப்பது கழகத்தின் பொறுப்பு. வந்தவர் கையில் அந்தப் பக்கத்தின் பிரதியையும் ஒரு கட்டுக் கீரையையும் கொடுத்தால், அரிவாளை எடுக்குமுன் அவர் சற்றே யோசிப்பார். தொட்டிச் செடிகளை உடன் கொண்டுபோவது அவரவர் இஷ்டம். மண்ணில் வேர்விட்டதைத் தெருவுக்கே விட்டுச் செல்லலாம்.

மாசி பிறக்க இன்னும் சில வாரங்களே உள்ளன. முதற்கூட்டத்தை இம்மாதத்திலேயே கூட்டிவிடுங்கள். வெண்டை விதையை முதல் நாள் இரவே நீரில் ஊறவைத்து, மறுநாள் அரை அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். இரவில் குளிர் நீங்காதிருந்தால் முளைக்கத் தாமதமாகும். அதற்காகத் தோண்டிப் பார்க்க வேண்டாம். மணத்தக்காளி விதை வேண்டுவோர் சங்க அலுவலகத்துக்கு எழுதினால், கைவசம் உள்ளவரை அனுப்புகிறேன்.