மடியில் கனம் யாருக்கு?

“மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லை. நான் இணையத்தில் எதைத் தேடுகிறேன், எங்கே போகிறேன் என்பதை எவன் பார்த்தால் எனக்கென்ன?” என்று சென்ற இதழில் ஒரு கட்டுரையாளர் மார்தட்டியிருக்கிறார். அந்தத் துணிச்சல் அவரோடு முடிந்திருந்தால் மெச்சிவிட்டுப் போயிருக்கலாம். அவர் அதோடு விடவில்லை. இணையத்தில் அந்தரங்கத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களை எல்லாம் ஒன்று குற்றவாளிகள், இல்லாவிட்டால் வேலையற்ற ஏசி அறைக்காரர்கள் என்று பிரித்து வைத்துவிட்டார். அவர் வைக்கும் நான்கு வாதங்களும் பழைய சரக்கு. ஆனால் அந்தச் சரக்கை நம்பித்தான் நம் வீடுகளில் எல்லோரும் செல்போனில் ‘அனுமதி’ என்ற பொத்தானைப் படிக்காமலே அழுத்துகிறார்கள். ஆகவே பதில் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

முதலில் அந்தப் பழமொழி. அதில் வரும் வழிப்போக்கன் மடியில் முடிந்துவைத்திருப்பது அவன் உழைத்துச் சம்பாதித்த காசு. அவனுடைய பயம் கள்ளனைப் பற்றியது. கட்டுரையாளரோ கள்ளனைப் பேசாமல் போகவிட்டு, வழிப்போக்கனை நிறுத்திச் சோதனை போடுகிறார். மகளுக்கு வரன் பேசுகிறவர் முடிவாகும்வரை ஊருக்குச் சொல்வதில்லை. வேறு வேலை தேடுகிறவர் இருக்கும் முதலாளியிடம் சொல்வதில்லை. மார்பில் கட்டி தென்பட்ட பெண் பரிசோதனை முடிவு வரும்வரை மாமியாரிடம்கூடச் சொல்வதில்லை. இதில் யார் குற்றவாளி?

இந்த நாட்டில் இதற்கு ஒரு வழக்கே உண்டு. கரக் சிங் என்பவர் உத்தரப் பிரதேசத்தில் கொள்ளை வழக்கு ஒன்றில் பிடிபட்டு, ஆதாரம் இல்லை என்று விடுவிக்கப்பட்டவர். மடியில் கனமில்லை என்று அரசே சொல்லிவிட்ட ஆள். ஆனாலும் போலீஸ் அவர் பெயரில் கோப்பு திறந்தது. நள்ளிரவில் வந்து கதவைத் தட்டியது. போகுமிடம் வருமிடம் எல்லாம் குறித்துக்கொண்டது. 1962இல் உச்ச நீதிமன்றம் இரவில் கதவைத் தட்டுவதை மட்டும் நிறுத்தச் சொன்னது. அந்தரங்கம் அடிப்படை உரிமை அல்ல என்றும் சொல்லிவைத்தது. அந்தப் பிழை திருத்தப்பட 55 ஆண்டுகள் ஆயின. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, தனியுரிமை அரசியலமைப்பு தரும் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். எது கனம் என்பதை மடியைக் கட்டியவன் முடிவு செய்வதில்லை, கோப்பைக் கையில் வைத்திருப்பவன்தான் முடிவு செய்கிறான் என்பதற்குக் கரக் சிங்கைவிடச் சாட்சி வேண்டுமா? கட்டுரையாளர் இந்த ஒரு விஷயத்தைத்தான் கடைசிவரை யோசிக்கவில்லை. இன்றைக்குச் சாதாரணமாகத் தெரியும் ஒரு தேடல், நாளைக்கு வேறொருவர் மேசையில் வேறொரு அர்த்தத்தோடு போய் உட்காரும்.

மறைப்பவன் தப்பு செய்கிறான் என்ற வாதத்தை உலகுக்கு எடுத்துச் சொன்ன பெரிய மனிதர்களும் உண்டு. கூகுளின் தலைமைப் பொறுப்பில் இருந்த எரிக் ஷ்மிட் 2009இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், பிறருக்குத் தெரியக்கூடாத காரியம் என்றால் அதைச் செய்யாமலே இருக்கலாமே என்கிற பொருளில் பேசினார். ஆனால் அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, சிநெட் செய்தித்தளம் கூகுளிலேயே தேடி அவருடைய சொத்து, வீடு இருக்கும் பகுதி முதலியவற்றை எடுத்து வெளியிட்டபோது நடந்தது என்ன? அந்தத் தளத்தின் செய்தியாளர்களோடு ஓராண்டு பேசமாட்டோம் என்று கூகுள் முறுக்கிக்கொண்டது. ஃபேஸ்புக்கின் மார்க் ஸக்கர்பெர்க் 2013இல் தன் வீட்டைச் சுற்றியிருந்த நான்கு வீடுகளை 3 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கினார், அக்கம்பக்கத்துத் தொந்தரவு இல்லாமலிருக்க. ஊராரின் அந்தரங்கத்தில் வியாபாரம் செய்பவர்கள் தங்கள் அந்தரங்கத்துக்கு என்ன விலை கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். நம்மவர் அதை ஓசியில் கொடுத்துவிட்டு, கொடுக்காதவனைத் திட்டுகிறார்.

நம் ஊரிலும் ஒருவர் சவால் விட்டார். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் தலைவராக இருந்த ஆர்.எஸ்.சர்மா 2018 ஜூலையில் தன் ஆதார் எண்ணை ட்விட்டரில் போட்டு, இதை வைத்து எனக்கு என்ன தீங்கு செய்ய முடியும் என்று கேட்டார். சில மணி நேரத்துக்குள் அவருடைய செல்போன் எண், பிறந்த தேதி, முகவரி, பான் எண் என்று வரிசையாக வந்து விழுந்தன. சிலர் அவர் வங்கிக் கணக்கில் ஒரு ரூபாய் போட்டுவிட்டு ரசீதைக் காட்டினார்கள். இவை எதுவும் எங்கள் தரவுதளத்திலிருந்து போகவில்லை என்றது ஆதார் ஆணையம். அப்படியே இருக்கட்டும். அதே ஆணையம் சூட்டோடு சூடாக, யாரும் ஆதார் எண்ணைப் பொதுவெளியில் போடாதீர்கள் என்றும் மக்களுக்கு அறிவுரை சொன்னது. ஒன்றும் ஆகாது என்றால் அந்த அறிவுரை எதற்கு?

இரண்டாவது வாதம்: “கோடிக்கணக்கான பேரில் என்னை எவன் உட்கார்ந்து பார்க்கப்போகிறான்?” யாரும் உட்கார்ந்து பார்க்க வேண்டியதில்லை, ஐயா. இரவு பதினொரு மணிக்கு, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, ஒருவர் ‘குழந்தையின்மைக்குக் காரணங்கள்’ என்ற பக்கத்தைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எழுத்துகள் திரையில் முழுதாக வருவதற்குள் அங்குள்ள விளம்பரக் கட்டங்களுக்கு ஏலம் நடந்து முடிந்துவிடும். ஏலத்துக்குப் போகும் சீட்டில் எந்தப் பக்கம், என்ன கருவி, ஐபி முகவரி, ஏறத்தாழ எந்த இடம், அவர் பிரவுசரில் முன்பே ஒட்டிவைத்த குக்கியின் எண் எல்லாம் இருக்கும். ஏலத்தை எடுப்பவன் ஒருவன்தான். ஆனால் கேட்க வந்து தோற்ற அத்தனை பேரிடமும் அந்தச் சீட்டு போய்ச் சேர்ந்துவிட்டது. அதை அவர்களிடமிருந்து திரும்ப வாங்க ஏற்பாடு எதுவும் கிடையாது. மறுநாளிலிருந்து அவர் எந்தச் செய்தியைப் படித்தாலும் பக்கத்தில் செயற்கைக் கருத்தரிப்பு மையத்தின் விளம்பரம் நிற்கும். வீட்டில் எல்லோரும் ஒரே கணினியைப் பயன்படுத்துகிறார்கள் என்றால், சொல்லாத சேதி சொல்லாமலே ஊரறியும்.

பெயர் இல்லாமல்தானே சேர்க்கிறார்கள் என்பார். 2006 ஆகஸ்டில் ஏஓஎல் நிறுவனம் அதை நம்பித்தான் ஏறத்தாழ ஆறரை லட்சம் பேரின் மூன்று மாதத் தேடல்களைப் பொதுவில் வைத்தது. பெயருக்குப் பதில் எண் போட்டிருந்தார்கள். நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர்கள் அதில் ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு போனார்கள். தன் ஊரில் தோட்ட வேலை செய்பவர்கள், தன் குடும்பப் பெயர் கொண்ட உறவினர்கள், மரத்துப்போகும் விரல்கள், கண்ட இடத்தில் சிறுநீர் கழிக்கும் நாய் என்று அந்த எண் தேடியவற்றை வைத்தே, ஜார்ஜியா மாநிலத்தில் இருந்த 62 வயது விதவை ஒருவரின் வாசலில் போய் நின்றார்கள். அவர் தேடிய நோய்களில் பல அவருடையவை அல்ல, தோழிகளுக்காகத் தேடியவை. இரக்கத்தால் தேடியதும் அவர் கணக்கில் நோயாக ஏறும். காப்பீட்டுக் கம்பெனி ஒன்று இந்தப் பட்டியலை விலைக்கு வாங்கியிருந்தால், அந்த அம்மாள் யாரிடம் போய் விளக்கம் சொல்வார்?

மூன்றாவது: “இலவசமாகத் தருகிறான், பதிலுக்குக் கொஞ்சம் தகவல் எடுத்துக்கொள்கிறான், மக்கள் விரும்பித்தானே கொடுக்கிறார்கள்?” விரும்பித்தான் கொடுக்கிறார்களா என்பதை 2021 ஏப்ரலில் ஆப்பிள் சோதித்துக் காட்டிவிட்டது. ஐபோனில் ஓர் ஆப் உங்களை மற்ற ஆப்களிலும் தளங்களிலும் பின்தொடர வேண்டுமென்றால் முதலில் உங்களிடம் கேட்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. ஒரே ஒரு கேள்விதான். ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா, அந்த மாற்றத்தால் 2022இல் தனக்குச் சுமார் 1,000 கோடி டாலர் வருமானம் போகும் என்று கணக்குச் சொன்னது. ஜனங்கள் மனமுவந்து கொடுக்கிற பொருளாக இருந்தால், கேட்டதற்கே இவ்வளவு நஷ்டம் எப்படி வரும்? இத்தனை நாள் கேட்காமல் எடுத்தார்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் கிடையாது.

காசு கொடுத்தால் காப்பாற்றுவார்கள் என்ற நம்பிக்கையும் வேண்டாம். வைரஸ் தடுப்பு மென்பொருள் விற்ற அவாஸ்ட், பின்தொடர்பவர்களைத் தடுப்போம் என்று சொல்லிக்கொண்டே, வாடிக்கையாளர்களின் உலாவல் வரலாற்றைச் சேர்த்து, ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனத்தின் வழியாக 2014 முதல் 2020 வரை நூற்றுக்கும் மேற்பட்ட கம்பெனிகளுக்கு விற்றது. 2024இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் 1.65 கோடி டாலர் கட்டவைத்தது. ‘வேண்டுமென்றால் இன்காக்னிட்டோ போட்டுக்கொள்ளலாமே’ என்று கட்டுரையாளர் பெருந்தன்மையோடு வழி காட்டுகிறார். அந்த இன்காக்னிட்டோவில் உலாவியபோதும் கூகுள் தங்களைப் பின்தொடர்ந்தது என்றுதான் அமெரிக்காவில் 2020இல் பயனர்கள் வழக்குப் போட்டார்கள். 2024இல் கோடிகோடியான உலாவல் பதிவுகளை அழிக்க ஒப்புக்கொண்டு கூகுள் சமரசம் செய்தது. இன்காக்னிட்டோ மறைப்பது உங்கள் போனை எடுத்துப் பார்க்கும் வீட்டாரிடமிருந்து மட்டும்தான். தளத்துக்கும் இணைய இணைப்புக் கம்பெனிக்கும் அலுவலக வைஃபைக்கும் நீங்கள் தெரியத்தான் செய்கிறீர்கள்.

“என் தகவல், நான் கொடுக்கிறேன்” என்கிற அந்த வீரவசனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு வினாடி வினா ஆப் வழியாக ஃபேஸ்புக் பயனர்களின் தகவல் வெளியே போன கேம்பிரிட்ஜ் அனலிடிகா விவகாரம் 2018இல் வெடித்தபோது, இந்தியாவில் அந்த ஆப்பைப் போட்டுக்கொண்டவர்கள் 335 பேர் என்று ஃபேஸ்புக் சொன்னது. தகவல் போயிருக்கக்கூடியவர்கள் என்று அதே ஃபேஸ்புக் சொன்ன எண்ணிக்கை 5.62 லட்சம். அந்த 335 பேரும் நம் கட்டுரையாளர் மாதிரி மறைக்க ஒன்றுமில்லாத மகான்களாகவே இருந்திருக்கலாம். அவர்கள் அழுத்திய பொத்தானுக்கு விலை கொடுத்தவர்கள் அவர்களுடைய நண்பர்கள். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! உங்கள் போனில் இருக்கும் என் எண், என் பிறந்த நாள், என் வீட்டு விசேஷப் படம் எல்லாம் என்னுடையவை. அவற்றை வாரி வழங்கும் அதிகாரத்தை உங்களுக்கு நான் எப்போது கொடுத்தேன்?

நான்காவது வாதம்தான் மோசமானது: அந்தரங்கம் மேல்தட்டுக்காரர்களின் கவலை, ஏழைக்கு வேண்டியது சோறு. இது அவருடைய சொந்தச் சரக்கும் அல்ல. புட்டசாமி வழக்கில் அரசுத் தரப்பு இதே பாட்டைப் பாடியது; ஏழைகளுக்குப் பொருளாதார நலம் போதும், மற்ற உரிமைகள் வேண்டாம் என்று சொல்லித்தான் வரலாறெங்கும் கொடுமைகள் நடந்தன என்று நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. தீர்ப்பைப் படிக்க நேரமில்லை என்றால், கடன் ஆப்பில் சிக்கிய யாரையாவது கேட்கட்டும். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு 5,000 ரூபாய் தேவைப்படுகிற ஒரு பெண்ணுக்கு வங்கி வாசற்படி உயரம். ஆப் கைக்குள் இருக்கிறது. போட்டவுடன் அது கேட்பது தொடர்புப் பட்டியலையும் கேலரியையும். ‘அனுமதி’ அழுத்தாமல் அடுத்த திரை வராது. கழிவு போகக் கையில் வருவது மூவாயிரத்துச் சொச்சம். தவணை ஒரு வாரம். ஒரு நாள் தவறினால், அவருடைய சித்தப்பாவுக்கும், மகனின் வகுப்பு ஆசிரியைக்கும், சிலிண்டர் போடுகிறவருக்கும் வாட்ஸ்அப்பில் சேதி போகும், ‘இவள் திருடி’ என்று. கேலரியிலிருந்து எடுத்த முகத்தை ஒட்டிய ஆபாசப் படம் அடுத்த தவணை. தமிழ்நாட்டிலும் தெலங்கானாவிலும் இந்த அவமானம் உயிர்களைக் குடித்தது. அதற்குப் பிறகுதான், 2022 செப்டம்பரில், கடன் ஆப்கள் தொடர்புப் பட்டியலையும் அழைப்பு விவரங்களையும் படங்களையும் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி விதி போட்டது. பணக்காரன் போனிலிருந்து பட்டியல் போனால் அவனுக்கு வக்கீல் இருக்கிறார். இந்தப் பெண்ணுக்கு இருந்தது மானம் ஒன்றுதான். அதைக் காக்கும் உரிமையை மேல்தட்டு விவகாரம் என்று எழுத எப்படிக் கை வந்தது?

சட்டம்தான் வந்துவிட்டதே என்று முடித்திருக்கிறார். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. கம்பெனிகளுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்ற காரணங்களைச் சொல்லி மத்திய அரசு தன் அமைப்புகளுக்குச் சட்டத்திலிருந்தே விலக்கு அளித்துக்கொள்ளலாம். கரக் சிங்கின் கதவைத் தட்டியது கம்பெனி அல்ல என்பதை நினைவில் வையுங்கள்.

சட்டம் பல் முளைத்து வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஃபயர்ஃபாக்ஸோ சஃபாரியோ பயன்படுத்தினால், நீங்கள் பார்க்கும் தளத்தைத் தவிர மற்றவர்கள் ஒட்டும் குக்கிகளுக்கு அவை தாமாகவே அணை போடுகின்றன. ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் போன்ற விளம்பரத் தடுப்பானைச் சேர்த்தால் அந்த ஏலக் கடைகளில் பெரும்பாலானவை திறக்கவே திறக்காது. ஆண்ட்ராய்டு அமைப்புகளில் விளம்பர அடையாள எண்ணை அழிக்க ஒரு பொத்தான் இருக்கிறது. டார்ச் ஆப் உங்கள் லொகேஷனைக் கேட்டால், எதற்கு என்று திருப்பிக் கேளுங்கள். இதெல்லாம் சேர்ந்து முழுக் கவசம் ஆகிவிடாது; எடுப்பவனுக்குச் சிரமம் கூடும், அவ்வளவுதான். மீதிக்குச் சட்டமும் நீதிமன்றமும் வேண்டும். அவற்றைக் கேட்கிறவர்களைத்தான் கட்டுரையாளர் சந்தேகக் கேஸ் என்கிறார்.

கடைசியாக ஒன்று. அந்தக் கட்டுரை புனைபெயரில் வந்திருக்கிறது. கீழே ஊர் இல்லை, படம் இல்லை. அலுவலகத்தில் தெரிய வேண்டாம் என்றிருக்கலாம், வீட்டில் சண்டை வேண்டாம் என்றிருக்கலாம், சும்மா பிடித்த பெயராகவும் இருக்கலாம். எனக்குத் தெரிய வேண்டியதில்லை. பத்திரிகை அலுவலகத்தில் விசாரிக்கவும் மாட்டேன். காரணம் சொல்லாமல் தன் பெயரை மறைத்துக்கொள்ள அவருக்கு முழு உரிமை உண்டு. அதே உரிமையை, அதே போலக் காரணம் கேட்காமல், மற்றவர்களுக்கும் அவர் தர வேண்டும்.