படம் உங்களுடையது... டேட்டா யாருடையது?

தையல், கேக், ஊறுகாய் என்று வீட்டிலிருந்தே தொழில் செய்யும் பலர் இப்போது சொந்தமாக இணையப் பக்கம் வைத்திருக்கிறார்கள். திறந்தால் பின்னணியில் பாட்டு, மேலே மினுமினுக்கும் 'தள்ளுபடி', கீழே வரிசையாக 20 போட்டோ. அமர்க்களம்தான்! ஆனால், உங்கள் வாடிக்கையாளர் பஸ்ஸில் நின்றபடி, ஒற்றைக் கோடு சிக்னலில் அதைத் திறந்தால்? பக்கம் வருவதற்குள் பொறுமை போய்விடும், ஆர்டரும் போய்விடும்.

படம்: செல்போனில் எடுக்கும் போட்டோ ஒன்று சாதாரணமாக 3 முதல் 5 எம்பி இருக்கும். 20 படங்கள் என்றால் குறைந்தது 60 எம்பி. அத்தனையும் பார்ப்பவரின் டேட்டாவில் கழியும். போன் திரைக்கு 1,200 பிக்சல் அகலமே தாராளம். அந்த அளவுக்குச் சுருக்கி ஜேபெக் அல்லது வெப்பி வடிவில் சேமித்தால், பெரும்பாலும் 200, 300 கேபிக்குள் அடங்கிவிடும்.

அனிமேஷன்: ஜிஃப், 1987-ல் வந்த பழைய வடிவம். ஒரு காட்சிக்கு 256 நிறங்கள்தான் காட்டும். சில நொடி அசைவுக்கே பல எம்பி பிடிக்கும். அதையே ஒலியில்லாத எம்பி4 வீடியோவாகப் போட்டால் அளவு வெகுவாகக் குறையும். நொடிக்கு மூன்று முறைக்கு மேல் பளிச்சிடும் எதுவும் வேண்டாம். அப்படிப்பட்ட வெளிச்சத்தால் சிலருக்கு வலிப்பு வரலாம்.

ஒலி: கேட்காமலே பாட ஆரம்பிக்கும் பக்கத்தை யாருக்கும் பிடிக்காது. குரோம் பிரவுசரே 2018 முதல் இப்படித் தானாக ஒலிப்பதைப் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. ப்ளே பட்டன் வையுங்கள், விரும்பியவர் கேட்கட்டும். சினிமாப் பாட்டைப் போட உரிமையாளரின் அனுமதி வேண்டும். அதற்குப் பதில், ஊறுகாய் போடும் பக்குவத்தை உங்கள் குரலிலேயே ஒரு நிமிடம் சொல்லலாமே!

இன்னொரு முக்கியமான விஷயம். பார்வையற்றவர்களின் போனில் டாக்பேக், வாய்ஸ்ஓவர் போன்ற வசதிகள் திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும். படத்தை ஏற்றும்போது 'ஆல்ட் டெக்ஸ்ட்' என்று ஒரு கட்டம் வரும். அதில் எழுதுவதைத்தான் அது வாசிக்கும். 'படம் 7' என்று எழுதினால் அவர்களுக்கு என்ன புரியும்? 'மஞ்சள் பட்டுப் பாவாடை, பச்சை பார்டர்' என்று எழுதுங்கள். அவர்களும் உங்கள் வாடிக்கையாளர்கள்தானே!

இன்றே வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் உங்கள் பக்கத்தைத் திறந்து பாருங்கள். உங்களுக்கே பொறுமை போகிறதா? அப்படியானால் முதலில் குறைக்க வேண்டியது விலையை அல்ல, படத்தின் அளவை!